லொறியில் இருந்து இறக்கும்போது கால் முறிந்தது: பொறுப்பு யாருடையது?

வலிகாமத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் வெளிநாட்டில். வயதான தாயாருடன் இருந்துகொண்டு, காணிக்குள் வீடு கட்டுவித்துக்கொண்டிருக்கிறார். மேசன் வேலையைக் கூலிக் கொந்தராத்தாக ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். சாமான் முழுவதும் இவர் வாங்கிக் கொடுப்பது என்பது பேச்சு. சென்ற ஐப்பசியில் குசினி மேடைக்கும் படிகளுக்கும் என்று மூன்று கிறனைட் பலகைகளை ஒரு கடையில் பார்த்துத் தெரிவு செய்து முழுப் பணத்தையும் கட்டியிருக்கிறார். "லொறியோட இறக்க ரெண்டு பேர் வருவினம், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று கடைக்காரர் வட்ஸ்அப்பில் எழுதியது இன்னும் அவருடைய போனில் இருக்கிறது.

வந்தது சாரதியும் ஒரு பெடியனும். மழை விட்டு விட்டுப் பெய்த நாள். ஒடுக்கமான ஒழுங்கையில் லொறியின் இடது சில்லுகள் ஓரத்துச் செம்மண்ணில் புதைய, பெட்டி இடப்பக்கம் சரிந்து நின்றது. பலகைகளோ வலது பக்கத்தில் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தன. "இறக்கிறது வீட்டுக்காரர்தான், எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகவேணும்" என்று சாரதி அவசரப்படுத்தினார். கொந்தராத்துக்காரர் அங்கே இல்லை. போனில் கேட்டதற்கு, "சரி, உள்ள நிக்கிற பெடியளைக் கூப்பிடுங்கோ" என்றாராம். வாசகி கூப்பிட்டார். இரண்டு கூலியாட்கள் லொறியில் ஏறினார்கள். சாரதி கயிறு முழுவதையும் ஒரேயடியாக அவிழ்த்தார். முன்னால் நின்ற பலகை கவிழ்ந்து, ஒருவருடைய காலை லொறிப் பெட்டியின் இடது பக்கத் தடுப்போடு சேர்த்து நெரித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை. கிறனைட் பலகையும் இரண்டாக உடைந்தது. அந்தக் குழப்பத்துக்குள் சாரதி நீட்டிய தாளில் வாசகி கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இப்போது கடைக்காரர் பில்லின் அடியில் அடித்திருக்கும் வரியைக் காட்டுகிறார்: "இறக்கும்போது ஏற்படும் சேதங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல." கொந்தராத்துக்காரர், "சாமான் உங்கட, கூப்பிட்டது நீங்கள்" என்கிறார். காயப்பட்டவரின் மனைவி கைக்குழந்தையோடு படலையில் வந்து நிற்கிறார். கணவரின் அண்ணர், "ஐம்பதாயிரம் குடுத்து, இனி ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு கையெழுத்து வாங்கு" என்கிறார். சட்டப்படி இது என் பொறுப்பா, அந்தக் கையெழுத்து என்னைக் காப்பாற்றுமா, உடைந்த பலகை யாருடைய கணக்கு, அடுத்த மாதம் கண்ணாடியும் கம்பியும் வருகிறதே என்ன செய்வது என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு மூன்று இடத்தில் "என் வளவு வாசலில் நடந்தது, நான்தானே குற்றவாளி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் தள்ளி வையுங்கள். உங்கள் காணியிலோ படலை வாசலிலோ நடந்தது என்பதற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் ஒருவர் தலையில் பொறுப்பைக் கட்டாது. யார் எதைத் தன் கையில் வைத்திருந்தார், அதில் ஒரு சாதாரண புத்தியுள்ள மனிதர் எடுக்கக்கூடிய கவனத்தை எடுத்தாரா என்பதுதான் கேள்வி. நம்முடைய நாட்டில் கவனயீனத்தால் வரும் நட்டத்துக்கு உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியில்தான் வழக்காடுகிறோம். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தவறு செய்திருந்தால், அவரவர் பங்கைப் பிரித்துச் சொல்ல 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆகவே "கடையா, கொந்தராத்துக்காரரா, நானா" என்று ஒருவரைத் தேடாதீர்கள். மூன்று பேருடைய பங்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லொறியில் என்ன நடந்தது

சட்டத்துக்குப் போக முன்னர் அந்தப் பலகையின் பாரத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் தங்கியிருக்கிறது. கிறனைட் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 2,700 கிலோ. 20 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 54 கிலோ. நீங்கள் எழுதிய எட்டடிக்கு ஐந்தடிப் பலகை ஒன்று 200 கிலோ வரும். நான்கு சீமெந்து மூட்டை! அதை நிமிர்த்தி வைத்திருந்தால் பார்ப்பவருக்குப் பாரம் தெரியாது. மெல்லியதாக, ஒரு கதவு போலத்தான் தெரியும். சாயத் தொடங்கிவிட்டால் இரண்டு ஆண்பிள்ளைகள் கை கொடுத்து நிறுத்தவே முடியாது.

இப்படியான சரக்கில் மிக ஆபத்தான கணம் கட்டு அவிழ்க்கும் கணம். ஓடும்போது கயிறு பிடித்து வைத்திருந்த பாரம் முழுவதும் அந்த நேரத்தில்தான் விடுபடுகிறது. லொறி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் பலகை வரும். உங்கள் லொறி இடப்பக்கம் சரிந்து நின்றது. பலகைகள் வலது பக்கத்தில் சாய்ந்திருந்தன. அந்த மனிதர் பலகைகளுக்கும் பெட்டியின் இடது பக்கத்துக்கும் நடுவில் நின்றார். லொறியை மட்டமான இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும். பலகைகளை இரண்டு பக்கமும் சாய்வான இரும்புச் சட்டத்தில் ஏற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டியிருக்கவேண்டும். ஒன்றை இறக்கும்போது மற்றவை கட்டிலேயே இருந்திருக்கவேண்டும். பலகை விழக்கூடிய பக்கத்தில் யாரும் நின்றிருக்கக்கூடாது. இதில் முக்கால்வாசி, கடையில் ஏற்றும்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்ட விஷயம். நீங்களோ அந்தக் கூலியாளோ அதை மாற்றியிருக்க முடியாது.

பில்லின் அடியில் உள்ள வரி

இந்த வரியைக் கண்டு பலர் பயந்து பேசாமல் போய்விடுகிறார்கள். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. வியாபாரம் செய்பவர் தன் கவனயீனத்தால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால், "நான் பொறுப்பல்ல" என்று பில்லில் அடித்தோ சுவரில் பலகை மாட்டியோ தப்ப முடியாது என்பது அதன் சாரம். பொருட்சேதத்தைப் பொறுத்தவரையில் அந்த வரி நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். கால் முறிந்த விஷயத்தில் அந்த வரி கடைக்காரருக்கு உதவாது. அத்தோடு, பில் உங்களுக்கும் கடைக்கும் இடையிலானது. காயப்பட்டவர் அந்தப் பில்லைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார். அவரை அது எப்படிக் கட்டுப்படுத்தும்?

"லொறி எங்களுடையது இல்லை, வாடகைக்குப் பிடித்தது" என்று கடைக்காரர் அடுத்துச் சொல்லக்கூடும். சாரதி அவருடைய சம்பளக்காரர் என்றால், வேலை நேரத்தில் சாரதி செய்த கவனயீனத்துக்கு முதலாளி பதில் சொல்லவேண்டும். வாடகை லொறி என்றால் விஷயம் கொஞ்சம் சிக்கலாகும்; லொறிச் சொந்தக்காரரையும் சேர்க்கவேண்டி வரும். ஆனாலும் பலகைகளை ஏற்றிக் கட்டியது கடையின் ஆட்கள் என்றால் கடை விலக முடியாது. ஆகவே லொறி இலக்கம் என்ன, சாரதிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார், ஏற்றியது யார் என்ற மூன்றையும் இப்போதே அறிந்து எழுதி வையுங்கள். அந்த வட்ஸ்அப் செய்தி உங்களுக்குப் பெரிய பலம். போனை மாற்றினாலும் அழிந்துபோகாமல் பிரதி எடுத்து வையுங்கள்.

கொந்தராத்துக்காரர் கை கழுவ முடியாது

அன்றாடக் கூலி, எழுத்தில் ஒன்றுமில்லை, சேமலாப நிதியும் கட்டவில்லை, ஆகவே காயப்பட்டவர் சட்டப்படி தொழிலாளி இல்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பிழை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு வாய்ப்பேச்சாக வந்த வேலை ஒப்பந்தமும் போதும். கட்டட வேலையைத் தொழிலாகச் செய்யும் கொந்தராத்துக்காரர் கூலி கொடுத்து வைத்திருந்த ஆள், வேலை நேரத்தில், வேலையின் நிமித்தம் காயப்பட்டிருக்கிறார். அதுவும் அவர் போனில் சம்மதம் கொடுத்த பிறகு ஏறியிருக்கிறார். இந்தச் சட்டத்தில் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்பதுதான் தொழிலாளிக்கு உள்ள பெரிய நன்மை. வேலையில் நடந்தது என்று காட்டினால் போதும். நட்டஈடு அவருடைய சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் வைத்துக் கணக்கிடப்படும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உச்ச எல்லை 20 இலட்சம் ரூபாய்.

இதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தில் இருந்து தெரிகிறது. தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் காலம் இருக்கிறது. ஆனால் முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்பதைத் தாமதிக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். கடைக்கு எதிராகக் கவனயீனத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கும் இரண்டு வருடம்தான். வைத்தியசாலை நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, மருந்துக் கடைத் துண்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

உங்கள் பங்கு

உங்களுக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்த நான் விரும்பவில்லை. வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் உங்களை முதலாளி என்று சொல்வது கடினம். நீங்கள் வியாபாரத்துக்காகக் கட்டவில்லை, குடியிருக்கக் கட்டுகிறீர்கள். ஆனால் ஆட்களைக் கூப்பிட்டது நீங்கள். லொறி சரிந்து நிற்பதைக் கண்டபடி கூப்பிட்டீர்கள் என்று எதிர்ப்பக்கச் சட்டத்தரணி கட்டாயம் கேட்பார். அதற்கு உங்களிடம் நல்ல பதில்கள் இருக்கின்றன: இறக்க ஆள் வரும் என்று கடை உறுதி தந்தது, கொந்தராத்துக்காரரிடம் கேட்டுத்தான் கூப்பிட்டீர்கள், கட்டவிழ்ப்பு முழுக்கச் சாரதியின் கையில் இருந்தது. என்னுடைய கணிப்பில் உங்கள் பங்கு, ஏதும் இருந்தால், மூன்றிலும் சிறியது. "நான் உள்ளே இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பொய், மற்ற உண்மை எல்லாவற்றையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

பொலிஸில் முறைப்பாடு வரும் என்று பயப்படுகிறீர்கள். கவனயீனத்தால் காயம் ஏற்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம்தான். சாரதியின் செயல் அந்த விசாரணைக்குள் வரலாம். கூப்பிட்டால் போங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஐம்பதாயிரமும் ஒரு கையெழுத்தும்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்லவேண்டும். அண்ணர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம், நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாளுக்கு வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் முன் பெறுமதி இல்லை. அப்படி ஒருவர் தன் உரிமையைத் துறக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. பிறகு விசாரணையில் அந்தத் தாள் வந்தால், "ஒரு பொறுப்பும் இல்லாதவர் ஏன் அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்?" என்ற கேள்விதான் மிஞ்சும்.

உதவி செய்ய மனம் இருந்தால் செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள் என்றே சொல்வேன். உழைக்கிறவர் படுத்துக் கிடக்கும் வீட்டில் பால்மாவுக்கும் வைத்தியசாலைக்குப் போய்வரும் ஓட்டோவுக்கும் இன்றைக்குக் காசு வேண்டும். வழக்கு முடியும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது. மனிதாபிமானத்தில் செய்யும் உதவி மட்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாது. கொடுக்கும்போது ஒரு துண்டில் திகதி, தொகை, "மருத்துவ, குடும்பச் செலவுக்கான உதவி, எவருடைய சட்ட உரிமையையும் இது பாதிக்காது" என்று எழுதி, இரண்டு பேரும் ஒவ்வொரு பிரதி வைத்திருங்கள். ஐம்பதாயிரத்தை ஒரேயடியாகக் கொடுப்பதைவிட, கால் ஊன்றி நடக்கும்வரை மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்கு உதவும்.

கடை, கொந்தராத்துக்காரர், நீங்கள், காயப்பட்டவர் நால்வரும் ஒரு மேசையில் இருந்து பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம். ஆனால் தொழிலாளிக்குரிய நட்டஈட்டைப் பற்றி முடிவெடுத்தால், அது ஆணையாளரிடம் பதிவாகட்டும்.

உடைந்த பலகை

முழுக் காசும் கட்டியாகிவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது, ஆகவே நட்டம் எனக்குத்தான் என்கிறீர்கள். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, பொதுவாகப் பொருளின் உடைமை யாரிடம் போகிறதோ சேதத்தின் அபாயமும் அவரிடமே போகும். நீங்கள் குறித்த பலகைகளைத் தெரிவு செய்து வாங்கியதால், உடைமை உங்களிடம் வந்துவிட்டது என்று கடை வாதாட இடமுண்டு. ஆனால் பிறருடைய பொருளைக் கையில் வைத்திருப்பவருக்குரிய கவனம் விற்றவருக்கு அப்போதும் இருக்கிறது. கடையின் ஆட்களுடைய கவனயீனத்தால் உடைந்திருந்தால் நட்டத்தை உங்கள் பக்கம் தள்ள முடியாது. நீங்கள் கையெழுத்திட்ட தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். படங்களோடு, நடந்ததை விவரித்து, மாற்றுப் பலகை அல்லது பணம் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். உடைந்த துண்டுகளை வழக்கு முடியும்வரை வெட்டிப் பாவிக்க வேண்டாம்.

அடுத்த மாதம் வரும் சாமான்

கூலிக் கொந்தராத்தில் எப்போதும் தவறிப்போகும் இடம் இதுதான். சாமான் வீட்டுக்காரர், வேலை மேசன் என்று பேசி முடிக்கிறோம். லொறிக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வேலையைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசுவதில்லை. ஓடர் கொடுக்கும் அன்றே கடையிடம் எழுத்தில் கேளுங்கள்: இறக்குவது யார், எத்தனை பேர், என்ன கருவி, இறக்குகூலி பில்லுக்குள்ளா வெளியேயா. வட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கொந்தராத்துக்காரரிடமும் எழுதி வாங்குங்கள்: அவர் இல்லாத நேரத்தில் அவருடைய ஆட்கள் லொறியில் ஏறக்கூடாது, இறக்கும் வேலை அவர்களுக்கு இருந்தால் அதற்குத் தனிக் கூலி. அவர் தன் ஆட்களுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது எடுக்கச் சொல்லுங்கள்.

மாற்றுக் கிறனைட் பலகையை முழுதாக வீட்டுக்கு எடுக்கவே வேண்டாம். அளவு கொடுத்துக் கடையிலேயே வெட்டுவியுங்கள். எட்டடிக்கு இரண்டடித் துண்டு ஒன்று ஏறக்குறைய 80 கிலோ வரும். நான்கு பேர் நிதானமாகத் தூக்கலாம். கண்ணாடி 5 மில்லிமீற்றர் தடிப்பில் சதுர மீற்றருக்கு 12.5 கிலோ. தனித் தாளாக இலகு, பத்துத் தாள் ஒன்றாகச் சாயும்போது கிறனைட் மாதிரியேதான். ஆகவே அதே விதிகள். கம்பி வேறு மாதிரி. 12 மில்லிமீற்றர் கம்பி 12 மீற்றர் நீளத்தில் ஒன்று 10.7 கிலோ, கட்டாக உருட்டித் தள்ளாமல் சில சில கம்பிகளாக இரண்டு முனையிலும் ஆள் நின்று எடுக்கவேண்டும். ஒழுங்கைக்குள் நீளக் கம்பியைத் திருப்பும்போது பின்முனை யார் முகத்தில் படும் என்று பார்க்க ஒருவர் நிற்கவேண்டும்.

பூம் லொறி (பாரம் தூக்கும் கை பூட்டிய லொறி) கொண்டுவருவதாகச் சொன்னால் சந்தோஷம்தான், ஆனால் முதலில் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். நம்முடைய ஒழுங்கைகளில் மின்கம்பிகள் தாழ்வாகத்தான் போகின்றன. மணல், சல்லி கொண்டுவரும் ரிப்பர் பெட்டியைத் தூக்கும்போதும் இதே ஆபத்து. கம்பி அருகில் இருந்தால் முன்கூட்டியே மின்சார அலுவலகத்தோடு பேசுங்கள், அல்லது சந்தியில் இறக்கி லாண்ட்மாஸ்டரில் உள்ளே எடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

மழை நாளில் லொறி வந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பாதுகாப்பாக இறக்க முடியாத நிலையில் "இப்போது இறக்க வேண்டாம்" என்று சொல்வது சாமானை வாங்க மறுப்பதாகாது. அந்த இடத்திலேயே கடைக்காரருக்குப் போன் எடுத்துக் காரணத்தைச் சொல்லி, சரிந்து நிற்கும் லொறியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மறுபடி வரும் வாடகையை யார் கொடுப்பது என்று பிறகு பேசிக்கொள்ளலாம். சாரதிக்கு இன்னும் இரண்டு இடம் போகவேண்டி இருந்தால் அவர் போய்விட்டு வரட்டும்.